நண்பகலில் ஒரு மஃரிப் பாங்கு

எண்பதுகளின் தொடக்கம் அது. நோன்பு மாதமும் கதிர்காமத்துப் பாத யாத்திரையும் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்த ஆண்டு. யாத்திரை முடிய ஓரிரு நாள் நடையே எஞ்சியிருந்த வேளையில், யால காட்டின் நடுவே, உச்சி வெயிலில் நடந்த ஒரு சம்பவத்தையே இங்கு எழுதுகிறேன்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையோரத்துக் கல்முனைக்குடியைச் சேர்ந்த முஸ்லிம். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில் வாப்பாவின் வயலைப் பார்த்து வந்தேன். எங்கள் வயலுக்கு அடுத்த வயல், சொறிக்கல்முனைப் பக்கத்தில் வசித்த என் நண்பனுடையது. இந்துக் குடும்பம். இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால். பள்ளிக்கூடத்திலும் நாங்கள் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள்.

பின்னால் நடந்தது விளங்க வேண்டுமானால் அவனைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். சிறு வயதிலிருந்தே நோன்பு காலத்தில் பின்னேரங்களில் அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். உம்மா எங்களுக்குக் கஞ்சிக் கோப்பை வைக்கும்போது அவனுக்கும் ஒன்று வைப்பார். அவனுக்கு நோன்பில்லை, சூடாறுமுன் குடித்திருக்கலாம். ஆனால் சூரியன் மறைந்து, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலித்து, நாங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்வரை அவன் கோப்பையைத் தொடமாட்டான். யாரும் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் கரையோர ஊர்களில் அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமாகவும் இருக்கவில்லை. நோன்பாளிக்கு முன்னால் அயலவர் வாய் நனைப்பதில்லை. அவர்கள் விரதம் இருக்கும் நாட்களில் நாங்களும் இறைச்சி வாங்கிய பையை அவர்கள் வாசலால் கொண்டு போவதில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவனுக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் பல நாள் நினைவு தப்பிக் கிடந்தான். அவன் பிழைத்து எழுந்தால் கதிர்காமத்துக்கு நடந்து வந்து முருகனைக் கும்பிடுவான் என்று அவனுடைய மனைவி நேர்த்தி வைத்துவிட்டாள். பிழைத்தான். ஆனால் யாத்திரை தொடங்கும் காலத்திலும் அவன் உடம்பு முழுதாகத் தேறியிருக்கவில்லை. துணைக்குப் போகவிருந்த அவனுடைய மைத்துனனுக்குச் சவூதியில் வேலை கிடைத்து, விசாவும் திடீரென வந்து, அவன் விமானம் ஏறிவிட்டான். அந்த இடத்துக்குத்தான் நான் போனேன்.

"என்ட மைத்துனன் சவூதிக்குப் போறான், நீ கதிர்காமத்துக்கு வாறா. உலகம் கிறுகிப் போச்சுடா மச்சான்" என்று அவன் சிரித்தான்.

அவனுடைய மனைவி சிரிக்கவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு வாசல் படலை வரை வந்து, முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அழைக்கும் முறையில், "காக்கா, இவர ஒங்களிட்டத்தான் ஒப்படைக்கிறன். தண்ணி நல்லாக் குடிக்கோணுமாம், டொக்டர் சொன்னவர். திரும்ப என்னட்டக் கொண்டு வந்து தந்திருங்க" என்றாள். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பின் பாரம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கதிர்காமத்தில் எங்களுக்கும் ஒரு பள்ளிவாசல் உண்டு; எங்கள் ஊரிலிருந்து அங்கே நேர்ச்சையோடு போய்வருபவர்களும் இருந்தார்கள். "நோன்போட எப்பிடி மகன் அந்தக் காட்டால நடக்கப் போறா?" என்று உம்மா மட்டும் கவலைப்பட்டார். பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் அதைப் பிடிக்கலாம் என்ற சலுகையை நான் அறிவேன். ஆயினும் எதையும் எடைபோட்டுப் பார்ப்பது என் சுபாவம். உடல் இடங்கொடுக்கும்வரை பிடிப்போம். முடியாதபோது சலுகையைப் பயன்படுத்துவோம் என்று தீர்மானித்தேன். அந்தக் கணக்கில் என் உடலை மட்டுமே சேர்த்திருந்தேன்.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். யாத்திரையில் எல்லோரும் ஒருவரையொருவர் "சாமி" என்றே அழைப்பார்கள். முருகனின் வேலைச் சுமந்து முன்னால் நடந்த தலைவர் பெரியசாமி. கூட்டத்தின் சமையலைப் பார்த்துக்கொண்ட நடுத்தர வயதுப் பெண் அக்கா சாமி. எனக்கு என்ன பெயர் வைப்பதென்று முதல் நாள் சற்றுத் தடுமாறினார்கள். பிறகு அக்கா சாமிதான், "காக்கா சாமி, கால் நோகுதா?" என்று கேட்டுத் தொடங்கி வைத்தார். அதுவே நிலைத்தது.

நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோரமாக நடந்தோம். நோன்பு பிடித்திருந்த முஸ்லிம் வீடுகளில் பகலில் எங்கள் கூட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். பொத்துவிலில் பள்ளிவாசல் கஞ்சி ஒரு வாளி நிறைய வந்தது. சாமிமாருக்காக இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சியிருந்தார்கள். விடியற்புறம் யாத்திரிகர்கள் எப்படியும் நேரத்தோடு எழுந்துவிடுவதால் எனக்குச் சஹர் உணவும் தவறவில்லை. "எழும்புங்க காக்கா சாமி, வெள்ளி கிளம்பிட்டு. மறுகா பட்டினிதான்" என்று அக்கா சாமி சோற்றுக் கோப்பையை நீட்டுவார்.

உகந்தையைக் கடந்து காட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. அதன் பிறகு கிணறு இல்லை. ஆற்றங்கரைக்கு ஆற்றங்கரை நடக்கவேண்டும். மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர்க் கான்களை நிரப்பிக்கொண்டு அடுத்த ஆறு வரை அதையே பங்கிட்டுக் குடிக்கவேண்டும். அங்கேதான் பெரியசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார்.

"தண்ணிக் கானக் காக்கா சாமியிட்டக் குடுங்க. நோன்புகாரன்ட தோள்ல இருந்தாத்தான் தண்ணி குறையாது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது மிக நியாயமான ஏற்பாடு. ஒரு தடியின் இரு முனைகளிலும் கான்களைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தேன். தங்குமிடங்களில் தேங்காய்ச் சிரட்டையால் அளந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றினேன். என் நண்பனுக்கும் ஊற்றினேன். அவன் சிரட்டையை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போவான். வெறும் சிரட்டையோடு திரும்பி வருவான்.

சம்பவம் நடந்த நாளில் நாங்கள் நாவலடியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். யாத்திரையிலேயே வறண்ட பகுதி அதுதான். நிழல் தராத முட்பற்றைகள். கால் புதையும் மணல். வழியில் யானையின் பச்சை இலத்தி கிடந்ததைக் கண்ட பெரியசாமி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். காட்டுக்குள் அந்த விலங்கின் பெயரைச் சொல்லக்கூடாது, "ஐயா" என்றுதான் சொல்லவேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஐயா கிட்டத்தில் நிற்கக்கூடும்; ஒருவரும் சத்தம் போடக்கூடாது. வழக்கமான அரோகராவும் நின்றது. எங்கள் காலடியில் சருகு நொறுங்கும் ஓசை மட்டுமே கேட்டது.

என் நண்பன் எனக்குச் சற்று முன்னால் நடந்தான். அவனுடைய நடை கோணத் தொடங்கியதைக் கவனித்தேன். பாதையின் ஓரத்துக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் எல்லோருடைய உடம்பும் வியர்வையில் ஊறிக்கிடக்க, அவனுடைய முதுகு உலர்ந்து சுட்டுக்கொண்டிருந்தது.

"என்னடா மச்சான்?" என்றேன்.

"வரம்பில வக்கடய வெட்டி விட்டியா? ஒண்ட வயலுக்குத் தண்ணி ஏறல்ல" என்றான். கண்கள் என்னைப் பார்த்தன. ஆனால் என்னைக் காணவில்லை. அடுத்த எட்டில் முழங்கால் மடிந்து விழுந்தான்.

கிடைத்த ஒரு பாலைமரத்து நிழலுக்கு அவனைத் தூக்கிச் சென்று கிடத்தினோம். பெரியசாமி தம் சால்வையை நனைத்து அவன் நெஞ்சிலும் கழுத்திலும் போட்டார். அக்கா சாமி சமையல் பையைக் கொட்டி உப்பும் சீனியும் எடுத்துத் தண்ணீரில் கலந்தார். கலக்கும்போதே அழத் தொடங்கிவிட்டார்.

"காலையில இருந்து இவன் ஒரு சொட்டும் குடிக்கல்ல காக்கா சாமி. நீங்க ஊத்துறத எல்லாம் கொண்டு வந்து எனக்கும் மற்றப் பொம்புளைகளுக்கும்தான் தந்தான். நேற்றும் அப்பிடித்தான். நான் கேட்டதுக்கு, தான் முன்னமே குடிச்சதெண்டான். நான் நம்பிட்டன்."

என் தோளிலிருந்த தடியை அப்போதுதான் இறக்கினேன். எனக்கு எல்லாம் விளங்கிற்று. கரையோர ஊர்களில் நடந்தபோது அவன் எங்காவது ஒரு வீட்டு வளவுக்குள் நுழைந்து என் கண்ணில் படாமல் குடித்திருக்கிறான். காட்டுக்குள் கூட்டத்தைவிட்டு விலக முடியாது. தண்ணீரோ என் தோளில். நோன்பு பிடித்த என் கையால் வாங்கி என் முன்னாலேயே குடிக்க அவனால் முடியவில்லை. பகல் முழுவதும் வாய் கட்டி நடந்து, நான் நோன்பு திறக்கும்போதுதான் அவனும் குடித்திருக்கிறான். சொன்னால் நான் நோன்பை விட்டுவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்; அதனால் சொல்லவுமில்லை.

சிரட்டையை அவன் உதட்டில் வைத்தேன். பற்களை இறுகக் கடித்துக்கொண்டான்.

"குடிடா."

"நேரமாகல்ல."

"என்ன நேரம்?"

"பாங்கு சொல்லல்லயே இன்னும்" என்று முணுமுணுத்தான். கையைத் தூக்கிச் சிரட்டையைத் தள்ளினான். அரைவாசி மணலில் போய்விட்டது.

எங்களிடம் அதிகம் தண்ணீர் மிஞ்சியிருக்கவில்லை. நான் மீதியைக் கையில் எடுத்தேன். "இஞ்ச பார், நானே குடிக்கிறன்" என்று சொல்லி, பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தேன். என் நோன்பு அந்த இடத்தில் முடிந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சலுகை இப்படியான வேளைகளுக்காகவே இருக்கிறது. ஆனால் அவனுக்கு அது உறைக்கவில்லை. காய்ச்சல் மூளையில் அவன் எங்கள் வீட்டில், ஆறிக்கொண்டிருக்கும் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கண்ணால் காண்பது எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. காதால் கேட்கும் ஒன்றுக்காகக் காத்திருந்தான்.

என் மனதில் அந்த எண்ணம் வந்தபோது நானே திடுக்கிட்டேன். சூரியன் உச்சியில் நிற்கிறது. அந்த வேளையில் மஃரிப் பாங்கு சொல்வதா? தொழுகைக்கான அழைப்பை அதற்குரிய நேரத்தில் அல்லாமல் சொல்வது விளையாட்டல்ல. அத்துடன் ஐயா எந்தப் பற்றைக்குப் பின்னால் நிற்கிறாரோ தெரியாது. என் ஒருவனுடைய சத்தத்தால் கூட்டம் முழுவதும் ஆபத்தில் விழக்கூடும். மறுபுறத்தில், படலையில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி. எடைபோட எனக்கு நேரமிருக்கவில்லை. பெரியசாமியைப் பார்த்தேன், விஷயத்தை இரண்டே வார்த்தையில் சொன்னேன்.

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கத்துறதெண்டா நல்லாக் கத்துங்க. மெதுவாக் கத்தினா ஆனைக்கு நாம எவடத்த நிக்கிற எண்டு விளங்காது. பலமாக் கேட்டா அது தன்ட பாட்டில விலகிப் போயிரும்" என்றார். தாம் விதித்த கட்டளையைத் தாமே மீறி அந்த விலங்கின் பெயரைச் சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

நான் எழுந்து மேற்கே திரும்பி நின்று, காதுகளில் விரல் வைத்து, பாங்கு சொன்னேன்.

என் குரலைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. சிறு வயதில் ஒருமுறை பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆசைப்பட்டு நின்றபோது எங்கள் மோதினார் என்னை அன்போடு ஒதுக்கிவிட்டார். அந்தக் குரல்தான், தொண்டை வறண்டு, இடையிடையே உடைந்து, காட்டுக்குள் போயிற்று. பறவைகள் எழுந்து பறந்தன. தூரத்தில் ஏதோ கொப்பு முறிந்தது. நான் நிறுத்தவில்லை. என் பின்னால் எங்கள் கூட்டத்துச் சைவர்கள் கைகூப்பியபடி நின்றார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

கடைசி வரியைச் சொல்லி முடித்துத் திரும்பினேன். அவனுடைய தாடை தளர்ந்திருந்தது. அக்கா சாமி சிரட்டையை வைத்தார். உறிஞ்சினான். ஒரு மிடறு. சற்றுப் பொறுத்து இன்னொரு மிடறு. தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். மூன்றாவது மிடறு இறங்கியபோது பெரியசாமி தம்மை மறந்து "அரோகரா!" என்று உரக்கக் கூவினார். கூட்டம் முழுவதும் "அரோகரா!" என்று பதில் கொடுத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மஃரிப் பாங்குக்கு அப்படியொரு பதிலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் தண்ணீர் கொடுத்தோம். மற்றவர்கள் தங்கள் பங்கை அவனுக்காகக் குறைத்துக்கொண்டார்கள். அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்தபோது அக்கா சாமி அதைத் துடைக்கவிடவில்லை. "இரிக்கட்டும், பாத்துக்கிட்டு இருப்பம்" என்றார். பிறகு இரண்டு தடிகளில் சேலையைக் கட்டி, அதில் அவனைக் கிடத்தி, மாறி மாறிக் காவிக்கொண்டு அடுத்த ஆற்றை அடைந்தோம். ஆற்று நீரில் கால் பட்டதும் அவன் முதன்முதலாகத் தெளிவாகக் கதைத்தான்.

"மச்சான், ஆர் அந்தப் பாங்கு சொன்ன?"

"ஏன்டா?"

"கழுதை மாதிரிக் கிடந்திச்சு. ஒண்ட குரல் எண்டு அப்பவே விளங்கிட்டு."

அந்த வசை என் காதில் தேனாக விழுந்தது. அங்கேயே ஆற்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவனை அடிப்பதற்காக ஓங்கிய கையை, ஏனோ, அவன் தலையில்தான் வைத்தேன்.

எஞ்சிய வழியில் நான் சலுகையைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு தங்குமிடத்திலும் முதலில் நான் அவனுக்கு முன்னால் குடிப்பேன். பின்னர் அவன் எனக்கு முன்னால் குடிக்கவேண்டும். அக்கா சாமி எதிரில் நின்று கண்காணிப்பார். இப்படியே கட்டகாமத்தைக் கடந்து கதிர்காமத்தை அடைந்தோம். அவன் மாணிக்க கங்கையில் முழுகி எழுந்து, ஈரவேட்டியோடு கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டதை எட்ட நின்று பார்த்தேன். ஒப்படைக்கப்பட்ட பொருளில் பாதிக் கடன் தீர்ந்ததாக உணர்ந்தேன்.

மனதிலிருந்த மற்ற உறுத்தலைக் கோயிலுக்குக் கிட்ட இருந்த பள்ளிவாசலுக்குக் கொண்டு போனேன். அங்கே பணிசெய்தவர் ஏறக்குறைய என் வயதுக்காரர். நடந்ததைச் சொல்லி, நான் செய்தது பிழையா என்று கேட்டேன்.

"ஒங்கட பாங்கக் கேட்டு ஆரும் தொழ வந்தாங்களா?"

"இல்ல."

"ஆரும் நோன்பத் தொறந்தாங்களா?"

"ஒருவன் தொறந்தான். அவன் நோன்புகாரன் இல்ல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மறுகா என்னத்துக்குக் காக்கா வெசாரப்படுற? வாங்க, பிறை பாக்கப் போவம்" என்றார். அன்று பிறை தெரிந்தது. பெருநாள் தொழுகையை அந்தச் சிறிய பள்ளியில் தொழுதேன். பள்ளிக்கு வெளியே, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என் செருப்புக்குக் காவலாக அவன் நின்றான்.

ஊர் திரும்பி அவனை அவன் வீட்டுப் படலையில் விட்டபோது அவன் மனைவி அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சவரா காக்கா?" என்று கேட்டாள்.

"குடிச்சான்" என்றேன். முழுக் கதையையும் அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில நாட்களின் பின், காட்டில் விட்ட நோன்பைப் பிடித்துக்கொண்டு வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். நடுப்பகல். அடுத்த வயலிலிருந்து அவன் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு வந்து எனக்கு எதிரே குந்தினான்.

"நோன்பா?"

"ஓம்."

"எனக்குத் தாகமாக் கிடக்கு."

"குடி. இஞ்ச இரிந்து, எனக்கு முன்னால குடி. இல்லாட்டிப் பாங்கு சொல்லுவன்."

"ஐயோ, வேணாம் மச்சான். ஒருக்காக் கேட்டதே காணும்" என்று சொல்லிப் போத்தலை அண்ணாந்தான். வேண்டுமென்றே சத்தம் எழுப்பிக் குடித்தான். பாதிப் போத்தல் காலியாகும்வரை நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்து நின்றேன். அன்றைய நோன்பில் எனக்குத் தாகமே தெரியவில்லை.

காலம் பின்னர் கெட்டது. காட்டுப் பாதை அடைபட்டது. எங்கள் ஊர்களுக்கிடையேயும் சந்தேகம் புகுந்தது. ஒருவருக்காக ஒருவர் பட்டினி கிடந்த கதையைச் சொன்னால் இளையவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். நான் அவர்களிடம் அந்த மரியாதையை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் விழுந்தே இருக்கமாட்டான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இப்போதும் நோன்பு காலத்தில் யாரேனும் என் முன்னால் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், அவரை இருத்தி என் கையாலேயே வார்த்துக் கொடுக்கிறேன். அந்த மிடறு இறங்கும்போது தாகம் தீர்வது அவருக்கா எனக்கா என்று இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை.